தோப்புக்கரணம் போடும் மஞ்சள்: நீல விளக்கு பச்சைக் குழந்தைக்கு என்ன செய்கிறது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பேத்தி பிறந்து நான்கு நாள். முகம், நெஞ்சு, வயிறு எல்லாம் மஞ்சள். காலை இளவெயிலில் காட்டினேன். வீட்டுக்கு வந்த மிஸ்ஸி (தாதி) ‘வெயில் வேண்டாம் பாட்டி’ என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே போனால் விளக்குக்கு அடியில் படுக்க வைக்கிறார்கள். அவர்கள் காட்டுவதும் வெளிச்சம்தானே? சூரியன் இலவசம் என்பதால் மதிப்பில்லையோ?”

பாட்டியின் கேள்வி நியாயமானது. இந்த வைத்தியம் கண்டுபிடிக்கப்பட்டதே வெயிலில்தான். ஆனால் காலை இளவெயிலில் எது குறைவோ, அதுதான் இந்தக் குழந்தைக்குத் தேவை. அது ஏன் என்று புரிய, மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற மூலக்கூறைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

அது எங்கிருந்து வருகிறது என்பது பள்ளிப் பாடம். சிவப்பணு சாகிறது, ஹீமோகுளோபின் உடைகிறது, முதலில் பச்சை நிறப் பொருளாகவும் பிறகு மஞ்சள் நிறப் பிலிருபினாகவும் மாறுகிறது. அடிபட்ட இடம் கன்றிப்போய், பச்சையாகி, மஞ்சளாகி மறைவதும் இதே வரிசைதான். பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். பச்சைக் குழந்தையுடையது 70 முதல் 90 நாள்தான். போதாததற்குக் குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணுக்களும் அதிகம். ஆகவே எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிலிருபின் உற்பத்தியாகிறது. 3 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 மில்லிகிராம். இதை வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ, பிறந்த அன்று பெரியவர்களின் அளவில் நூற்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வேலை செய்கிறது. வரத்து அதிகம், வடிகால் அடைப்பு. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேரும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேரும் முதல் வாரத்தில் மஞ்சளாவது இதனால்தான். பெரியவர்களுக்குக் கல்லீரல் வீங்கி வரும் மஞ்சள்காமாலை வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த குழப்பங்கள் ஏராளம். அதைப் பிறகு பார்ப்போம்.

பச்சைப் பொருள் தண்ணீரில் கரையும். அதை மெனக்கெட்டு, கரையாத மஞ்சளாக உடம்பு ஏன் மாற்றுகிறது? கருவில் இருக்கும்போது அதில் ஒரு லாபம் உண்டு. கரையாத பிலிருபின் நஞ்சுக்கொடி வழியே தாயின் ரத்தத்துக்குப் போய்விடும்; மீதியைத் தாயின் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். தொப்புள்கொடியை வெட்டிய நிமிடத்திலிருந்து அந்த வசதி கிடையாது.

இனி அந்த மூலக்கூறு. பிலிருபினை, பாதி திறந்த புத்தகம்போல் இரண்டு தட்டையான பாதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு கை நீண்டிருக்கிறது. அந்தக் கைகளின் நுனியில் இருப்பவை நீரை விரும்பும் அமிலத் தொகுதிகள். நியாயப்படி பார்த்தால், இரண்டு கைகள் இருக்கிற பொருள் தண்ணீரில் கரைய வேண்டும். ஆனால் இடது பாதியின் கை வலது பாதியின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. வலது பாதியின் கை இடது பாதியின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடுகிறவர் கைகளைக் குறுக்கே மாற்றிக் காதுகளைப் பிடிப்பாரே, அப்படியே. ஒரு பிடிக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு, இரண்டு பிடிக்கு ஆறு. பிலிருபின் படிகத்தை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து 1976இல் இந்த மடிப்பை உறுதி செய்தார்கள். கைகள் இரண்டும் காதில் மாட்டிக்கொண்டதால் தண்ணீரைத் தொட ஒரு கையும் மிச்சமில்லை. அதனால்தான் அது தண்ணீரை விட்டுக் கொழுப்பை நாடுகிறது. ரத்தத்தில் அல்புமின் புரதத்தின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்கிறது. அல்புமினில் இடம் தீர்ந்துபோனால், மிச்சமானது மூளைக்குள் நுழைந்துவிடும். கை கால் அசைவை ஒழுங்குபடுத்தும் உள் முடிச்சுகளும் கேட்கும் நரம்பின் வழிகளும்தான் அதற்கு முதல் பலி. உயிர் பிழைத்த குழந்தைக்கும் காது கேளாமையும், கட்டுப்பாடில்லாமல் நெளியும் உடலும் மிஞ்சக்கூடும்.

கல்லீரல் இதை எப்படிச் சமாளிக்கிறது? ஒவ்வொரு கையிலும் ஒரு சர்க்கரை அமிலத்தைத் திணிக்கிறது. கையில் பொருள் இருந்தால் காதைப் பிடிக்க முடியாதல்லவா? பிடி விடுகிறது, பிலிருபின் பித்தத்தில் கரைந்து வெளியேறுகிறது. பிறந்த குழந்தையிடம் திணிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

விளக்கு வேறு வழியில் போகிறது. அது கையைத் தொடுவதில்லை, காதைத் திருகுகிறது. மூலக்கூறின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பு உண்டு. இரட்டைப் பிணைப்பைச் சாதாரண வெப்பத்தில் முறுக்க முடியாது. ஆனால் சரியான அளவு ஆற்றலுள்ள ஓர் ஒளித்துகள் வந்து விழுந்தால், சில பிக்கோ நொடிகளுக்கு அந்தப் பிணைப்பு தளர்கிறது. அந்த இடைவெளியில் ஓர வளையம் 180 பாகை திரும்பிக்கொள்கிறது. காது மறுபக்கம் போய்விட்டது. கை நீட்டினால் எட்டாது. காற்றில் தொங்கும் அந்தக் கை உடனே தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. நொதியின் தயவே இல்லாமல் அந்தப் பிலிருபின் பித்தத்துக்குள் போய்விடுகிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. திருகிய காது மறுபடி திரும்பிக்கொள்ளும். குடலுக்குப் போனதும் பெரும்பாலும் பழைய வடிவுக்கே வந்து மறுபடி ரத்தத்தில் ஏறும். மெதுவாக நடக்கும் இன்னொரு மாற்றம்தான் நிரந்தரமானது. அதே ஒளியில், ஒரு பக்கக் கிளை பக்கத்து வளையத்தோடு ஒட்டிக்கொண்டு ஏழு அணுக்கள் கொண்ட புதிய வளையம் ஒன்றை உண்டாக்குகிறது. லூமிருபின் என்று பெயர். இது திரும்பவே திரும்பாது. கொஞ்சமாகத்தான் உண்டாகும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி ரத்தத்தை விட்டுப் போய்விடும், பித்தத்திலும் சிறுநீரிலும். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் லூமிருபினும் கூடுகிறது. ஆகவே எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வி இங்கே உயிர்நாடியான கேள்வி.

எந்த வெளிச்சம் என்பதும்தான். மஞ்சளாகத் தெரியும் பொருள் நீலத்தை விழுங்குகிறது. அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீலம்தான் தோலையும் ஓரளவு ஊடுருவி, பிலிருபினையும் தாக்கும். புற ஊதாக் கதிருக்கு இதில் வேலையே இல்லை. வெப்பத்துக்கும் இல்லை. குழந்தையை வெதுவெதுப்பாக வைத்தால் மஞ்சள் இறங்கும் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்து ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், 1956ஆம் ஆண்டுக் கோடையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தலைமைத் தாதி ஜே. வார்டு வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு போவார். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடல் வெளுத்திருக்க, துணியின் மூலை மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. வார்டு அதை மருத்துவர்களிடம் காட்டினார். கொஞ்ச நாளில், ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைக்கப்பட்ட ஒரு ரத்தக் குழாயில் பிலிருபின் அளவு வெகுவாக இறங்கியிருந்தது. ரிச்சர்ட் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் நீல விளக்கு செய்து, 1958இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றும் பிலிருபின் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு, குழாயில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் இருப்பது குணமாகிவிடும், குழந்தை ஆகாது.

சரி, கோலாலம்பூர் வெயிலுக்கு வருவோம். தீவிர ஒளி சிகிச்சைக்குத் தோலின் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும், ஒவ்வொரு நானோமீட்டர் அலைநீளத்துக்கும், குறைந்தது 30 மைக்ரோவாட் நீலம் விழ வேண்டும். உச்சி வெயிலில் இதைப்போல் நான்கைந்து மடங்கு கிடைக்கும். ஆனால் கூடவே புற ஊதாவும் சூடும் வரும்; சில நிமிடங்களில் குழந்தை வெந்துபோகும், உடம்பின் நீர் வற்றும். அதனால்தான் பாட்டிகள் இளவெயிலைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊரில் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டித்தான். எட்டு மணிக்குத் தாழ்ந்து நிற்கும் சூரியனின் ஒளி, காற்று மண்டலத்தைச் சாய்வாக, நீண்ட தூரம் கடந்து வருகிறது. அந்தப் பாதையில் சிதறிப்போவது எது? நீலம்தான். காலை வெயில் பொன்னிறமாக இருக்கிறதென்றால் அதிலிருந்து நீலம் கழிந்துவிட்டது என்று பொருள். மெல்லிய வெயில் என்று நாம் நம்புவது, மருந்தை வடிகட்டிய வெயில். அதையும் துணி சுற்றிய குழந்தையின் முகத்திலும் காலிலும் பத்து நிமிடம் காட்டுகிறோம். மருத்துவமனையிலோ, டயப்பர் தவிர முழு உடம்புக்கும், நாள் முழுக்க. மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டி வெயிலில் காட்டுவதைத் தவிர்க்கச் சொல்வது சூரியன் மேல் உள்ள கோபத்தில் அல்ல. சூரியனை முறையாகப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது: 2015இல் வெளியான நைஜீரிய ஆய்வில், புற ஊதாவையும் சூட்டின் பெரும்பகுதியையும் தடுக்கும் படலம் ஒட்டிய பந்தலின் கீழ், நாளைக்குப் பல மணி நேரம், உடல் வெப்பநிலையை அளந்துகொண்டே குழந்தைகளை வைத்தார்கள். சாதாரண விளக்குக்கு அது சளைக்கவில்லை. அதற்குத் தேவை படலமும் தாதியும் வெப்பமானியும். நம் வீட்டு வாசலில் மூன்றும் இல்லை.

விளக்கடியில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். விளக்கு பொதுவாக 30 முதல் 50 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். தூரம் கூடக் கூட வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். குளிருமே என்று குல்லாவும் காலுறையும் போட்டால் அந்த இடத்துத் தோலில் வெளிச்சம் படாது. எண்ணெய் பூசக் கூடாது. கண் மறைப்பு மூக்குக்குச் சரிந்து மூச்சை அடைக்கலாம், ஆகவே அடிக்கடி பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் தாய்ப்பால். அதற்காக அரை மணி நேரம் வெளியே எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மலம் இளகிப் பச்சையாகப் போகும். அது பேதியல்ல, பிலிருபின் வெளியேறும் அடையாளம். தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ஆனால் அதை நம்பக் கூடாது: விளக்கு முதலில் வெளுக்க வைப்பது தோலை, ரத்தத்தை அல்ல. தீவிர ஒளியில் முதல் 24 மணி நேரத்தில் 30 முதல் 40 விழுக்காடு வரை இறங்கலாம் என்றாலும், அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். இப்போது வாடகைக்கு விளக்கு கொண்டுவந்து வீட்டில் வைக்கிறார்கள். வெளிச்சத்தை அளக்காமல், ரத்தத்தையும் பார்க்காமல் எரியும் அந்த விளக்கு, நீல நிறத்தில் ஒரு வெறும் ஆறுதல்.

விளக்கின் பக்கங்களில் வெள்ளைத் திரை கட்டினால் சிதறும் ஒளி குழந்தை மேலேயே திரும்பி விழும். இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டது கிளந்தானில் உள்ள சயின்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு. நான்கு மணி நேரத்தில், திரை இல்லாத குழந்தைகளுக்குப் பிலிருபின் சராசரியாக லிட்டருக்கு 4 மைக்ரோமோல் இறங்கியது. திரை கட்டியவர்களுக்கு ஏறக்குறைய 28. செலவு? கொஞ்சம் வெள்ளைத் துணி. இப்படிப்பட்ட ஆராய்ச்சியை விற்க எந்த நிறுவனமும் வராது, அதனாலேயே இதற்குப் பொதுப்பணம் போக வேண்டும் என்பது என் கட்சி.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஆய்வகம் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தரும். இணையத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) இத்தனை மில்லிகிராம் என்று படிப்பீர்கள். மில்லிகிராமை 17.1ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். ‘முந்நூறு’ என்று கேட்டுத் தலைசுற்றிய அப்பாக்கள் நிறைய. அந்த எண் தனியாக எதுவும் சொல்லாது. குழந்தையின் வயதை மணிக்கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு ஆபத்தில்லாத நிறைமாதக் குழந்தைக்கு 72ஆவது மணியில் 308 என்றால் தீவிர ஒளி சிகிச்சை. அதே எண் முதல் 24 மணி நேரத்தில் வந்தால் ரத்தம் மாற்றும் ஏற்பாட்டில் இறங்கிவிடுவார்கள். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் அது இயல்பானது அல்ல. அந்த மணியே கிளம்ப வேண்டும்.

இனி, ஒரே பெயரால் வந்த குழப்பம். வீட்டில் செய்து பார்ப்பவை கீழாநெல்லி, மந்திரித்தல், குளுக்கோஸ் தண்ணீர். பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அந்த நாட்களில் மந்திரித்தவர் பெயர் வாங்கிப் போகிறார். கீழாநெல்லிக்கு இந்த மஞ்சளைக் குறைக்கும் சான்று இல்லை. தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறைந்து பால் குறைகிறது, பால் குறைந்தால் மலம் குறைகிறது, குடலில் தேங்கிய பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கு ஏறுகிறது. இவற்றைவிட மோசமானது அலமாரியில் இருக்கிறது: நாப்தலீன் அந்துருண்டை, கடையில் மலாய்ப் பெயர் ‘உபாட் கெகாட்’. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தையின் சிவப்பணுக்களை நாப்தலீன் கூட்டம் கூட்டமாக உடைக்கும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். முடிவைக் கேட்டு வாங்குங்கள். அக்காவின் பிள்ளைக்குப் போட்ட சட்டைகள் பெட்டியிலிருந்து வந்தால், துவைத்துக் காற்றாட விடாமல் போடாதீர்கள்.

வீட்டில் பார்ப்பதென்றால் மஞ்சள் பல்பின் கீழ் பார்க்க வேண்டாம். ஜன்னலோர வெளிச்சத்தில், நெற்றித் தோலை விரலால் அழுத்தி எடுத்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் மஞ்சள் ஒளிந்துகொள்ளும், ஆகவே கண்ணின் வெள்ளையையும் வாயின் ஈறுகளையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் தலையிலிருந்து காலுக்கு இறங்கும். உள்ளங்காலுக்கு வந்துவிட்டாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கியபடியே இருந்தாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ காத்திருக்கக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளும், குறைமாதத்துக்கு 21 நாளும் தாண்டி மஞ்சள் நீடித்தால் வேறு பரிசோதனைகள் உண்டு. அப்போது டயப்பரைப் பாருங்கள். மலம் சுண்ணாம்பு நிறத்திலும் சிறுநீர் கடும் மஞ்சளாகவும் இருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கு விளக்கு உதவாது, பித்தம் வடிய மாற்று வழி அமைக்கும் ‘கசாய்’ என்ற அறுவை சிகிச்சைதான். அது 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம்.