மரத்தின் துளைகளில் மலையகத்தின் மழை

இலங்கை மலையகத்தில் தேயிலை பெக்டரிகளின் பின்புறத்தில் விறகு அடுக்கியிருப்பார்கள். கொழுந்தை வாட்டவும் காய வைக்கவும் எரிக்கும் விறகு. பெரும்பாலும் சவுக்கு என்று நாம் சொல்லும் கிரெவிலியா (சில்வர் ஓக்), இல்லாவிட்டால் டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ். அறுத்த சவுக்குக் கட்டையின் முகத்தில் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துப் பிள்ளைகள் அவற்றை எண்ணி, மரத்துக்கு அறுபது வயது, எழுபது வயது என்பார்கள். அந்த மரத்தை நட்டவரோ இன்னும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பார், அவருக்கே அவ்வளவு வயது ஆகியிருக்காது.

பிள்ளைகள் சரியாகத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தக் கோடுகள் ஆண்டு வளையங்கள் அல்ல. மலையகத்து மரங்களும் காலநிலையைப் பதிந்து வைக்கின்றன. அதை வாசிக்கும் முறைதான் வேறு.

மரம் பருப்பது பட்டைக்கு அடியில். அங்கே மாறிழையம் என்ற, உயிர்க்கலங்களாலான மெல்லிய படை இருக்கிறது. அது உள்பக்கமாகக் காழையும் வெளிப்பக்கமாக உணவைக் கடத்தும் உரியத்தையும் உண்டாக்கிக்கொண்டே போகும். நாம் மரம் என்று அறுப்பது அந்தக் காழைத்தான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் மாறிழையம் உறங்கிவிடும். இளவேனிலில் விழித்ததும் அகன்ற, சுவர் மெலிந்த கலங்களைப் போடும். கோடை முடியும் தறுவாயில் ஒடுங்கிய, சுவர் தடித்த கலங்களைப் போட்டுவிட்டு மறுபடி உறங்கும். ஒடுங்கிய கலங்களுக்கு அடுத்து அகன்றவை திடீரென்று தொடங்கும் இடந்தான் ஆண்டின் எல்லை.

நுவரெலியாவில் எவ்வளவு குளிரினாலும் அந்த உறக்கம் வராது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். மாதத்துக்கு மாதம் அது இரண்டு மூன்று பாகைதான் ஏறி இறங்கும். மரத்தை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அது போதாது. நம் மலைகளில் மரத்தின் வளர்ச்சியைத் தடுப்பது பெரும்பாலும் தண்ணீர்த் தட்டுப்பாடு.

அப்படியானால் சவுக்கில் தெரியும் வளைவுகள் என்ன? சவுக்கின் குறுக்குவெட்டில் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி அகலமான கதிர்கள் ஓடும். பலகையாக அறுக்கும்போது மினுமினுப்பது அவைதான். இரண்டு கதிர்களுக்கு இடையில் நீர் கடத்தும் காழ்க்கலன்களும் மென்மையான இழையமும் சேர்ந்து சின்னச் சின்ன விற்களாக அமைந்திருக்கும். இது அந்த மரக் குடும்பத்தின் பிறவிக்குணம். ஓர் ஆண்டில் எத்தனை வில்லும் விழலாம்.

துளைகளுக்கு வருவோம். டர்பன்டைன் கட்டையின் முகத்தில் ஒரு விரலகலத்தைப் புதுப் பிளேட்டால் சீவி, ஈரத்துணியால் துடைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். தனித்தனியாக நிற்கும் சிறு துளைகள் சரிவான வரிசைகளில் போவது தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அகலம். அவைதான் காழ்க்கலன்கள், வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாய்கள்.

துளையின் அகலம் அது உருவான நாட்களின் ஈரத்தைக் காட்டும். இளங்கலம் விரிவதற்கு உள்ளிருந்து தண்ணீர் அழுத்த வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தால் கலம் நன்றாக விரிந்து, பிறகு சுவர் இறுகும். ஈரம் குறைந்தால் விரிவு பாதியில் நின்றுவிடும், சுவர் அந்த அளவிலேயே இறுகிவிடும். இறுகிய பின் கலம் செத்து வெற்றுக் குழாயாகிறது. அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த அளவு மாறாது.

சிறு வித்தியாசந்தானே என்று நினைக்கக்கூடாது. குழாயில் ஓடும் நீரின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இருமடங்கானால், அதே அழுத்த வேறுபாட்டில் பதினாறு மடங்கு நீர் ஏறும். அகன்ற குழாய்க்கு ஆபத்தும் உண்டு. வறட்சியில் இலைகள் மேலிருந்து இழுக்க, மண்ணோ தண்ணீரை விடாது. குழாய்க்குள் இழுவிசை கூடி, காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தூண் அறுந்துவிடும். ஒடுங்கிய குழாய்கள் பொதுவாக இதைத் தாங்கும். அதனால் காய்ந்த காலத்துக் கட்டையில் சிறிய துளைகளும், மழை தொடங்கியதும் போட்ட கட்டையில் பெரிய துளைகளும் இருக்கும்.

மலையகத்தில் இந்த வாசிப்பு சிக்கலாவதும் சுவையாவதும் மழையால்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்தை நனைத்துவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது வறண்டிருக்கும். பதுளையும் பண்டாரவளையும் வெலிமடையும் அந்த மாதங்களில் காய்ந்து, ஒக்டோபருக்குப் பிறகுதான் நன்றாக நனைகின்றன. தேயிலைக்காரர்களுக்கு இது மனப்பாடம். ஊவாத் தேயிலை மணக்கும் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்துக்கு மணம் ஏற்றும் அந்த வறண்ட காற்றுக்காலத்தில்தான் பக்கத்திலுள்ள மரத்துக்கும் தண்ணீர் தட்டுப்பாடாகிறது. ஆகவே ஒரே இன மரத்தை ஹட்டனில் ஒன்றும் பதுளையில் ஒன்றுமாக வெட்டினால், ஒரே ஆண்டின் ஒடுங்கிய துளைகள் வெவ்வேறு மாதங்களைக் குறிக்கும். இரு பக்கத்து மாதிரிகளையும் கலந்து சராசரி எடுத்தால் இரண்டின் கதையும் அழிந்துவிடும்.

மரத்தில் தெரியும் ஒரு மாற்றம் ஆண்டுக்கொரு முறைதான் வருகிறதா என்று சோதிக்க வழிகள் உண்டு. 1960களில் பிரெஞ்சு ஆய்வாளர் அலென் மரியோ, குறித்த நாளில் பட்டையைச் சிறிதாக வெட்டி மாறிழையத்தில் காயம் உண்டாக்கினார். சில ஆண்டுகள் கழித்து மரத்தைத் தறித்து, தழும்புக்குப் பிறகு எத்தனை வளையம் விழுந்திருக்கிறது என்று எண்ணினார். இன்னொரு வழி அணுகுண்டுச் சோதனைகளால் கிடைத்தது. அவற்றை வளிமண்டலத்தில் நடத்தத் தடைவிதித்த 1963 ஒப்பந்தத்துக்கு முன் அங்கே நடந்த வெடிப்புகளால் கதிரியக்கக் காபன்-14 வடகோளத்தில் ஏறக்குறைய இருமடங்காகி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்த ஏற்றமும் இறக்கமும் அப்போது வளர்ந்த மரங்களிலெல்லாம் பதிந்திருப்பதால், கட்டையின் ஒரு பகுதி எந்த ஆண்டளவில் உருவானது என்று அதை வைத்துச் சொல்லலாம். மூன்றாவது வழி ஒட்சிசன். கனத்த மழையில் பாரமான ஒட்சிசன்-18 குறைவாக இருக்கும். மரம் அந்த நீரைக் குடித்து செல்லுலோசு செய்கிறது. வளையமே தெரியாத கட்டையையும் மெல்லிய துண்டுகளாகச் சீவி அளந்தால், மழைக்காலமும் காய்ந்த காலமும் மாறி மாறி வந்து போனது தெரியும்.

தெளிவான வளையம் போடும் வெப்பமண்டல மரங்களும் இருக்கின்றன. கேரளத்துத் தேக்கின் வளையங்களை இந்திய ஆய்வாளர்கள் 1481ஆம் ஆண்டு வரை பின்னோக்கி இணைத்திருக்கிறார்கள். 2010இல் எட்வர்ட் குக்கின் குழு, ஆசியாவெங்கும் 300க்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைச் சேர்த்துப் பருவமழை வறட்சிகளின் வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. அது காட்டும் பெருவறட்சிகளில் ஒன்று 1876 முதல் 1878 வரையிலானது. தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் என்று பேர்பெற்ற காலம் அது. அந்தப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து, அன்று கோப்பித் தோட்டங்களாக இருந்த இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நம்மில் பலருடைய குடும்பக் கதையில் பஞ்சம் என்று மட்டும் சொல்லப்படுவதற்கு, ஆசியக் காட்டு மரங்களில் ஆண்டோடு சாட்சி இருக்கிறது. எனக்கு இந்த அறிவியலில் மனதைத் தொட்ட பகுதி இதுதான்.

மரம் மழையை மட்டும் பதிவதில்லை, மண் நகர்வதையும் பதிகிறது. சரிவு மெல்ல நகர்ந்து மரம் சாய்ந்தால், நிமிர்வதற்காக அது தனி வகைக் கட்டையைப் போடும். பைன் மரம் சாய்வின் கீழ்ப்பக்கத்தில் செம்பழுப்பான, லிக்னின் மிகுந்த கட்டையைப் போட்டுக் கீழிருந்து தள்ளும். டர்பன்டைன் மேல்பக்கத்தில் செல்லுலோசு மிகுந்த நார்களைப் போட்டு மேலிருந்து இழுக்கும். அப்படிப்பட்ட கட்டையைப் பச்சையாக அறுத்தால் வெட்டுமுகம் வழுவழுப்பாக வராமல் பஞ்சு பறந்ததுபோல் மயிர்மயிராக நிற்கும். வளர்ச்சி ஒரு பக்கம் கூடுவதால் நடுப்புள்ளியும் ஓரத்துக்குப் போய்விடும்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. சரிவுகள் பல, விழுவதற்கு முன் நீண்ட காலம் அங்குலம் அங்குலமாக நகர்பவை. லயங்களுக்கு மேலே நிற்கும் மரங்களில் அந்த நகர்வு எழுதப்பட்டிருக்கலாம். அதை அறிய மரத்தை வெட்டவும் தேவையில்லை. கைத்துளைப்பான் ஒன்றால் பென்சிலைவிட ஒல்லியான, சுமார் ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள தண்டை மரத்திலிருந்து உருவி எடுக்கலாம். சாய்வின் மேல்பக்கத்தில் ஒன்று, கீழ்ப்பக்கத்தில் ஒன்று என்று எடுத்தால் வளர்ச்சி எப்போது ஒரு பக்கம் கூடியது என்று ஒப்பிடலாம். ஒரு மரம் சாய்ந்ததற்குக் காற்றும் காரணமாகலாம். ஒரே சரிவில் பல மரங்கள் ஒரே காலத்தில் ஒரே திசையில் சாயத் தொடங்கியிருந்தால், அங்கே முதலில் மண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.