துப்பிய எச்சிலில் ஒரு துப்பு

வாய்ப்புற்று இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல, இன்றும் புண்ணிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு முன்பே, துப்பிய எச்சிலில் ஏதாவது துப்பு கிடைக்குமா?

இன்டர்லூக்கின்-8 என்றொரு சிறு புரதம். வாய்ப்புற்று உள்ளவர்களின் எச்சிலில் இது சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதை ஒளியால் பிடிக்கலாம்.

ஒரு கண்ணாடிப் பட்டகம். அதன் ஒரு முகத்தில் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் பூச்சு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பட்டகத்தின் வழியாகச் சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், தங்கத்தில் பட்டுத் திரும்பிவிடும். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் ஒளியின் ஆற்றலைத் தங்கத்தின் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்ள, திரும்பும் கதிர் இருண்டுபோகும். அது எந்தக் கோணம் என்பது, தங்கத்தின் மறுபக்கத்தை ஒட்டி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைப் பதித்து, எச்சிலை ஓடவிடுவார்கள். தேடும் புரதம் வந்து மாட்டினால், இருளும் கோணம் துளி நகரும். அந்த நகர்வைத்தான் அளக்கிறார்கள். கதிர் எச்சிலைக் கடந்து போவதில்லை என்பதால், கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. 1983இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் செய்துகாட்டிய உத்தி இது.

ஆக, ஒளியில் சிக்கல் இல்லை. சிக்கல் எச்சிலில்தான். விரலில் தொட்டு இழுத்தால் நூல்போல நீள்கிறதே, அந்தக் கொழகொழப்புக்குக் காரணமான மியூசின் தங்கத்தின் மேலும் அப்பிக்கொள்ளும். ஒட்டியது எது என்று ஒளிக்குத் தெரியாது. அதனால் பக்கத்திலேயே, இந்தப் புரதத்தைப் பிடிக்காத இன்னொரு தடத்திலும் அதே எச்சிலை ஓட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம் எடை. மூலக்கூறுகளின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். இன்டர்லூக்கின்-8 சுமார் 8,000 டால்டன்தான். மாட்டினாலும் கோணம் சரியாக அசையாது. அதன் முதுகில் 1,50,000 டால்டன் உள்ள இரண்டாவது ஆன்டிபாடியை ஏற்றிவிட்டால் அசையும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு 2005இல் இப்படித்தான் செய்தது. அப்படியும், சுத்தமான கரைசலில் பிடிக்க முடிந்த அவ்வளவு குறைந்த அளவை எச்சிலில் பிடிக்க முடியவில்லை.

இவ்வளவையும் சரிசெய்தாலும் ஒன்று பாக்கி. ஈறு வீங்கினாலும் இதே புரதம் ஏறும். புகையிலை போடுகிறவர்களில் ஈறு நன்றாக இருப்பவர் எத்தனை பேர்?