டெஸ்ட் எல்லாம் பச்சை, பட்டன் மட்டும் அழுந்தவில்லை

டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகியும் பயனரிடம் உடைந்துபோன தளம் இன்னொன்று வந்துவிட்டது. மொரிஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் (ஸ்கிரிப்டை வைத்து மென்பொருளைத் தானாகச் சோதிப்பது) பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையை வேறு பெயர்களோடு சொல்வார்கள். ஆனாலும் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்காக இங்கே செய்யப்பட்ட ஒரு விடுதி முன்பதிவுத் தளம். இரவில் ஓடும் டெஸ்டுகள் அத்தனையும் பாஸ். ரிலீஸும் ஆனது. அப்புறம் கைப்பேசியில் வந்த ஒருவராலும் முன்பதிவு பட்டனைத் தொட முடியவில்லை. குக்கி அனுமதி கேட்கும் பட்டையை மூடிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு பட்டன்மேல் படர்ந்து கிடந்தது. விரல் தொட்டதெல்லாம் அந்த அடுக்கைத்தான். என்னைப் பார்க்கச் சொன்னார்கள். ஸ்கிரிப்டைத் திறந்ததுமே நான் பயந்த வரி கண்ணில் பட்டது. பிரவுசரைத் தானாக இயக்கும் கருவியான செலினியத்தைக் கிளிக் செய்யச் சொல்லாமல், ஜாவாஸ்கிரிப்டை ஓடவிட்டு அந்த பட்டனின் கிளிக் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதியவரிடம் ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன். “சாதாரண கிளிக் எரர் காட்டியது. இப்படி மாற்றினேன், லி பே மார்சே” என்றார்.

ஓடுகிறதாம்! அந்த எரரை அவர் ஒரு முறை வாசித்திருந்தால் போதும். இந்தப் புள்ளியில் பட்டனைக் கிளிக் செய்ய முடியாது, பக்கத்தின் வேறோர் உறுப்புதான் கிளிக்கை வாங்கும் என்று செலினியம் தெளிவாகச் சொல்கிறது. எந்த உறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது பக் ரிப்போர்ட்டை எழுதியே கையில் கொடுத்திருக்கிறது. நம் ஆட்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு டெஸ்டைப் பச்சையாக்குகிறார்கள். வாசற்கதவு திறக்கிறதா பார்த்து வா என்று அனுப்பினால், ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி “வீட்டுக்குள் போக முடிகிறது” என்று வந்து சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கிளிக் என்பது ஒரு கட்டளை, எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒன்றுதான் என்ற நினைப்பே இதற்கெல்லாம் மூலம். இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காமல் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் மவுஸை அழுத்தும்போது, அந்தப் புள்ளியில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது எது என்று பிரவுசர் முதலில் பார்க்கிறது. அழுத்திய நிகழ்வு அந்த உறுப்புக்குப் போகிறது. ஃபோகஸ், அதாவது தட்டுவதை இப்போது வாங்குவது எது என்ற குறி, பழைய கட்டத்திலிருந்து நகர்கிறது. விரலை எடுத்த நிகழ்வு வருகிறது. கிளிக் என்பது இவ்வளவுக்கும் பிறகுதான். ஜாவாஸ்கிரிப்டில் கூப்பிடும் கிளிக் இந்த வரிசையில் கடைசி ஒன்றை மட்டும் தானாக உண்டாக்குகிறது. மேலே என்ன மூடியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. திரையில் காட்டவே காட்டாத பட்டனைக்கூட அது அழுத்திவிடும். பிரவுசரே இந்த நிகழ்வை நம்புவதில்லை. ஒவ்வொரு நிகழ்விலும் ‘இஸ்ட்ரஸ்டட்’ என்று ஒரு குறி உண்டு, இப்படி வந்த கிளிக்கில் அது பொய் என்றே இருக்கும்.

ஃபோகஸ் நகராதது சின்ன விஷயம் இல்லை. மின்னஞ்சல் கட்டத்தை விட்டு வெளியேறும்போது முகவரியைச் சரிபார்க்கும் படிவங்கள் எவ்வளவோ இருக்கின்றன. ஃபோகஸே நகராவிட்டால் அந்தச் சரிபார்ப்பு எப்படி ஓடும்? தப்பான முகவரியோடு டெஸ்ட் நிம்மதியாக அடுத்த பக்கம் போய்விடும்.

தட்டச்சிலும் இதே ஏமாற்று வேலைதான். கட்டத்தில் மதிப்பை ஸ்கிரிப்டால் நேராக எழுதிவிட்டு, டைப் செய்ததாகக் கணக்குக் காட்டுவது. எங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். 2013-இல் மொரிஷியஸ் கைப்பேசி எண்களுக்கு முன்னால் 5 சேர்ந்து அவை 8 இலக்கமாயின. கட்டத்தின் நீளத்தை 7 என்று விட்டுவைத்த ஒரு பழைய படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் 8 இலக்கத்தையும் உள்ளே வைத்துவிடும், ஏனென்றால் அந்த நீள வரம்பு மனிதர் தட்டும்போது மட்டும்தான் தடுக்கும். கையால் தட்டுகிறவருக்குக் கடைசி இலக்கம் விழவே விழாது. டெஸ்ட் பாஸ், வாடிக்கையாளர் ஃபெயில்.

செலினியம் 2004-இல் பிறந்தபோது அதுவும் பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டாகத்தான் இருந்தது. அந்த வழியின் குறைகளைப் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பிரவுசரை வெளியிலிருந்து இயக்கும் வெப்டிரைவர் வந்து, 2018-இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையாகவும் ஆனது. 2020-இல் வந்த பிளேரைட் என்ற இன்னொரு கருவி இன்னும் கறார். பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா, கிளிக் உண்மையில் அதன்மேல்தான் விழுமா என்று பார்த்துவிட்டுத்தான் கிளிக் செய்யும். இதற்கும் நம் ஆட்கள், எதையும் பார்க்காமல் கிளிக் செய் என்று சொல்லும் ‘ஃபோர்ஸ்’ என்ற ஒரு சொல்லைப் போட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே தலைவலி.

டெஸ்க்டாப் மென்பொருள் பக்கம் வந்தாலும் இதே நோய்தான், உடைதான் வேறு. விண்டோஸில் போஸ்ட்மெசேஜ் என்ற ஃபங்ஷன் வழியாக ஒரு ஜன்னலுக்கு விசைச் செய்தி அனுப்பினால், அது செய்தியாக மட்டுமே போய்ச் சேரும். ஷிஃப்ட் அழுந்தியிருக்கிறதா என்று நிரல் விசாரித்தால் விண்டோஸ் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் கீபோர்டின் நிலை மாறவே இல்லை. கீபோர்டும் மவுஸும் தட்டியதுபோலவே உள்ளீட்டை அனுப்பும் செண்ட்இன்புட் தான் சரியான வழி. அதுவும் நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலுக்குள், சாதாரண உரிமையில் ஓடும் ஸ்கிரிப்டிலிருந்து நுழையாது. விஸ்டா காலத்திலிருந்தே இந்தத் தடுப்பு இருக்கிறது. தடுத்துவிட்டேன் என்று எந்தத் திரும்பு மதிப்பும் சொல்லாது என்பதுதான் கொடுமை. ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆயங்களை, அதாவது திரையில் இடத்தைக் குறிக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: செண்ட்இன்புட்டின் முழு ஆயம் பிக்ஸல் கணக்கு இல்லை, முதன்மைத் திரையை 0 முதல் 65535 வரை பகுத்த கணக்கு. அதோடு உங்கள் மடிக்கணினியில் திரையின் பெரிதாக்க அளவு 150 சதவீதம், டெஸ்ட் கணினியில் 100 சதவீதம் என்றால், எழுதிவைத்த எண்கள் பக்கத்து பட்டனில் போய் விழும். ஆயத்தை எழுதிவைக்காமல் உறுப்பைத் தேடிப்பிடித்து அதன் நடுவில் கிளிக் செய்யுங்கள்.

இனி கீபோர்டு. பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிற நம்மைப் போன்றவர்களாவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என் மேஜையில் இருப்பது க்வெர்ட்டி என்ற ஆங்கில விசை அமைப்பு. பாரிஸில் வாடிக்கையாளர் மேஜையில் இருப்பது அசெர்ட்டி என்ற பிரெஞ்சு அமைப்பு. அதில் ஏ, க்யூ இரண்டும் இடம் மாறியிருக்கும். இசட், டபிள்யூ இரண்டும்கூட இடம் மாறியிருக்கும். எம் என்ற எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். விசையின் இடத்தைக் குறிக்கும் ஸ்கேன் கோடை அனுப்பி ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்தில் கடவுச்சொல் தட்டும் ஸ்கிரிப்ட், அசெர்ட்டி அமைப்புள்ள கணினியில் க்யூ, இரண்டு காற்புள்ளி, மறுபடி க்யூ என்று தட்டும். மூன்று முறை தட்டிக் கணக்கைப் பூட்டிவிட்டு, சர்வர் கோளாறு என்று டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம். பிரவுசரில் ஒரு விசை நிகழ்வு இரண்டு தகவல் தரும்: ‘கீ’ என்பது விழுந்த எழுத்து, ‘கோடு’ என்பது விசை இருக்கும் இடம். கன்ட்ரோல் இசட் தட்டினால் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதும் டெவலப்பர், ‘கோடு’ பார்த்து எழுதிவிட்டால் பிரான்ஸில் இசட் தட்டுகிறவருக்கு ஒன்றும் நடக்காது. அந்த இடத்து விசையைத் தேடித் தட்டினாலோ அது அங்கே டபிள்யூ, கன்ட்ரோலோடு சேர்ந்தால் டேப் மூடிக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்தது போயிற்று. வெப்டிரைவர் தரநிலை இந்த இட மதிப்புகளை அமெரிக்க கீபோர்டு அட்டவணையிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே இந்த பக்கை அது பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது கணினியின் அமைப்பைப் பிரெஞ்சுக்கு மாற்றிக் கையால் தட்டிப் பாருங்கள். அப்படியே தமிழையும் ஒரு முறை. தமிழ் உள்ளீட்டு மென்பொருள் எழுத்தை அரைகுறையாகக் கோத்து, அப்புறம் முடித்துக் கொடுக்கும். செண்ட்இன்புட்டில் யூனிகோடு எழுத்தை நேராக அனுப்பினால் அந்த இடைநிலை வரவே வராது. ரூபாய்த் தாளில் தமிழ் அச்சிட்ட நாட்டில் இருந்துகொண்டு, தேடல் பெட்டியில் ‘கோ’ தட்டினால் என்ன ஆகும் என்று பார்க்காமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது, ஒவ்வொரு கோடையிலும் வரும் தொலைபேசி அழைப்பு. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் அலுவலகம் காலி. அல்லது தைப்பூசக் காவடி விடுமுறை, இங்கே எல்லோரும் கோயிலில், பிரான்ஸில் வழக்கமான வேலை நாள். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் டெஸ்டைத் தொடங்கிவிட்டு ஜன்னலை மூடிவிடுவார்கள். காலையில் எல்லாம் சிவப்பு. இணைப்பைத் துண்டித்ததும் அந்த அமர்வில் உள்ளீடு வாங்கும் திரையே இல்லை, செண்ட்இன்புட் எங்கே போய் விழும்? ஜன்னலைச் சுருக்கி வைத்தாலே திரை வரைவது நின்றுபோகும். டெஸ்டை ஓட்டும் ஏஜென்ட் நிரலை, பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸாக நிறுவியிருந்தால் அதற்கு முதலிலிருந்தே திரை கிடையாது. டெஸ்க்டாப் நிரல் என்றால் ஏஜென்ட்டைத் தானாக லாகின் ஆகும் தனிக் கணக்கில் ஓடவிடுங்கள், திரைப்பூட்டை நிறுத்துங்கள், வெளியேறும்போது டிஎஸ்கான் (tscon) கட்டளையால் அமர்வை அந்தக் கணினியின் சொந்தத் திரைக்கு, அதாவது கன்சோலுக்குத் திருப்பிவிட்டுப் போங்கள். பூட்டாமல் திறந்து கிடக்கும் கணினி என்பதால் அதில் டெஸ்ட் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பிரவுசர் டெஸ்டுக்கு இந்தப் பாடு வேண்டாம், திரையில் ஜன்னல் காட்டாமல் ஓடும் ஹெட்லெஸ் முறையில் கிளிக் பிரவுசருக்குள்ளேயே உருவாகிறது.

லினக்ஸ்காரர்களுக்கு: மவுஸையும் கீபோர்டையும் தானாக இயக்கும் எக்ஸ்டூடூல், புதிய திரை முறையான வேலண்டில் வேலை செய்யவில்லை என்று புலம்ப வேண்டாம். ஒரு நிரல் இன்னொன்றுக்குள் தட்டக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

உங்கள் சொந்தக் கணினியில் இவற்றை ஓட்டாதீர்கள், தயவுசெய்து. நிஜ மவுஸை நகர்த்தும் ஸ்கிரிப்ட் எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதில் தட்டும். நடுவில் ஒரு அரட்டைச் செய்தி எகிறி வந்து ஃபோகஸைப் பிடுங்கினால், டெஸ்டில் தட்டும் கடவுச்சொல் உங்கள் மேலாளருக்கு அரட்டையில் போய்ச் சேரும். உற்பத்திச் சர்வரின் ஜன்னல் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மவுஸை இயக்கும் பைத்தான் கருவியான பைஆட்டோகுய் பயன்படுத்துகிறவர்கள் மவுஸைத் திரை மூலைக்குத் தள்ளினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் வசதியை அணைக்காதீர்கள். தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்தவர்கள்தான் பிறகு மின்கம்பியைப் பிடுங்குகிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் கிளிக் அடியோடு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஃபங்ஷன் சரியாக நடக்கிறதா என்று மட்டும் பார்க்கும் யூனிட் டெஸ்டில் தாராளமாகப் போடுங்கள். பயனரின் கைவேலையைச் சோதிக்கிறோம் என்று பெயர் வைத்த டெஸ்டில் அது வேண்டாம், அவ்வளவுதான்.

நாளைக் காலை காபிக்கு முன்னால் உங்கள் ஸ்கிரிப்டுகளில் அந்த ஜாவாஸ்கிரிப்ட் கிளிக் வரிகளையும் ‘ஃபோர்ஸ்’ வரிகளையும் தேடி எடுங்கள். ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டுங்கள். சிவப்பானதைக் கைப்பேசித் திரையளவில் கையால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். உங்களாலும் தொட முடியவில்லை என்றால், அந்த எரரில் சொன்ன உறுப்பின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து டெவலப்பருக்கு டிக்கெட் போடுங்கள். அவர் “என் மெஷினில் ஓடுகிறதே” என்பார். அவர் மெஷினின் திரை அகலத்தைக் கேளுங்கள்.