லாக்ல 200 ஓகே இருக்கு, ஆனா மெசேஜ் எங்க?

"சார், நாங்க அனுப்பியாச்சு, லாக்ல 200 ஓகே இருக்கு பாருங்க." "இல்லங்க, எங்க டேட்டாபேஸ்ல அப்படி ஒரு ரெக்கார்டே இல்ல." (லாக்னா நடந்ததை சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவு, 200 ஓகேன்னா 'வந்துச்சு, சரி'ன்னு எதிர்பக்க சர்வர் அனுப்புற பதில்.) ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல மெசேஜ் போக வர வைக்கிற வேலையில இருக்குறவங்களுக்கு இந்த பேச்சு பழகியிருக்கும். பெரும்பாலும் ரெண்டு பேர் சொல்றதும் உண்மையாத்தான் இருக்கும், அதனாலதான் இது அவ்வளவு சீக்கிரம் தீராது.

ஒரு தடவ இப்படி 43 ஆர்டர் காணாம போச்சு. ரெண்டு பக்க லாக்கையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாத்தோம், அதுலயும் ரெண்டு சர்வரோட கடிகாரமும் 3 செகண்ட் வித்தியாசத்துல ஓடுனதால எது முதல்ல நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே அரை நாள் ஆச்சு. கடைசில தெரிஞ்சது இதுதான்: வாங்குற சிஸ்டம் மெசேஜை மெமரில இருக்குற க்யூல (காத்திருக்குற வரிசைல) போட்டுட்டு உடனே 200 அனுப்பிடுது, டேட்டாபேஸ்ல எழுதுறது அதுக்கு அப்புறம் பின்னாடி ஓடுற வேற ஒரு ப்ரோக்ராமோட (வொர்க்கரோட) வேலை, அந்த இடைவெளில யாரோ புது வெர்ஷன் போட ப்ராசஸை ரீஸ்டார்ட் பண்ணிருக்காங்க. மெமரில இருந்தது அத்தனையும் போச்சு. அனுப்புன பக்கம் 200 வந்துடுச்சேன்னு தன்கிட்ட இருந்த காப்பியையும் அழிச்சிடுச்சு.

"டிசிபி தான் இருக்கே, அது பாத்துக்கும்ல"ன்னு இன்னைக்கும் நிறைய பேர் கேக்குறாங்க. டிசிபிங்கிறது இன்டர்நெட்ல ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொன்னுக்கு டேட்டாவைக் கொண்டு சேக்குற விதிமுறை. அது பெரிய விஷயம்தான், மறுக்கல. விண்ட் செர்ஃப், பாப் கான் ரெண்டு பேரும் 1974ல எழுதுன யோசனையில இருந்து வந்தது, ஒவ்வொரு பைட்டுக்கும் நம்பர் போட்டு, வந்துச்சுன்னு பதில் வராட்டி திரும்ப அனுப்பி, வரிசை மாறி வந்தா சரி பண்ணி குடுக்குது. ஆனா அந்த "வந்துச்சு"ங்கிற பதிலைச் சொல்றது யாரு? அந்தப் பக்கத்து ஆபரேட்டிங் சிஸ்டம். உங்க மெசேஜை வாங்கி வேலை செய்யவேண்டிய ப்ரோக்ராம் அதை இன்னும் தொட்டே இருக்காது. 1981ல வந்த டிசிபி ஸ்டாண்டர்டுலயே இதைத் தெளிவா எழுதியிருக்காங்க, அக்னாலட்ஜ்மென்ட் வந்தா பயனர்கிட்ட சேந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, சேக்குற பொறுப்பை எதிர்பக்க டிசிபி எடுத்துக்கிச்சுன்னுதான் அர்த்தம்னு.

செக்சம், அதாவது டேட்டா வழில கெட்டுப்போச்சான்னு பாக்க கூட அனுப்புற சின்ன எண், அதோட கதையும் இதே மாதிரிதான். டிசிபி செக்சம் வெறும் 16 பிட் கூட்டல், கூட்டல்ல வரிசை மாறுனாலும் விடை மாறாதுல்ல, அதனால ரெண்டு 16 பிட் துண்டு இடம் மாறி வந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. சால்ட்ஸர், ரீட், க்ளார்க் மூணு பேரும் 1984ல வெளியிட்ட கட்டுரைல அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு விஷயம் வரும். அங்க ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து அடுத்ததுக்குப் போற ஒவ்வொரு தாவலுக்கும் செக்சம் இருந்துச்சு, எல்லாம் சரின்னே காட்டுச்சு, ஆனா நடுவுல நெட்வொர்க்குகளை இணைச்ச ஒரு கேட்வே கம்ப்யூட்டர், உள்ள வந்த டேட்டாவை தன்னோட ஒரு பஃபர்ல (தற்காலிக மெமரில) இருந்து இன்னொன்னுக்கு காப்பி பண்ணும்போது சுமாரா பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவ ரெண்டு பைட்டை இடம் மாத்தி வச்சிருக்கு. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சோர்ஸ் ஃபைல்கள் அது வழியா திரும்பத் திரும்ப போய் கெட்டுப்போச்சு, கடைசில பழைய பிரின்ட் அவுட்டை வச்சு மனுஷங்க உக்காந்து ஒப்பிட்டு திருத்தவேண்டியதா போச்சு. அதனாலதான் ஃபைல் அனுப்புனா ரெண்டு முனையிலயும் எஸ்ஹெச்ஏ-256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து ஒப்பிடுங்கன்னு கெஞ்சிக்கிட்டே இருக்கேன். அப்படியே, ஃபைலை முதல்ல தற்காலிக பேர்ல ஏத்தி, முழுசா ஏறுனதும் ரீநேம் பண்ணுங்க, இல்லன்னா அந்தப் பக்க ஸ்க்ரிப்ட் பாதி ஃபைலை எடுத்துக்கிட்டு போயிடும்.

அடுத்தது டைம்அவுட், அதாவது குறிப்பிட்ட நேரத்துக்குள்ள பதில் வராம போறது. பதில் வரலன்னா மெசேஜ் போகலையா, இல்ல மெசேஜ் போய் பதில் தொலைஞ்சதா? அனுப்புனவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்ல. அதனால திரும்ப அனுப்பித்தான் ஆகணும், திரும்ப அனுப்புனா ரெண்டு தடவ போய்ச் சேரலாம், அதைத் தாங்குற மாதிரி வாங்குறவர் இருக்கணும். மெசேஜுக்கு ஒரு ஐடி குடுங்க, ஏற்கனவே பாத்த ஐடி வந்தா வேலையைத் திரும்ப செய்யாம பழைய பதிலையே அனுப்புங்க. நான் கோட் ரிவ்யூல அடிக்கடி பாக்குற தப்பு, ஐடி உருவாக்குற வரியை ரீட்ரை லூப்புக்கு (திரும்பத் திரும்ப முயற்சி பண்ற கோடுக்கு) உள்ள எழுதிடுறாங்க, ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி, அப்புறம் அந்த ஐடி எதுக்கு? முதல் தடவ அனுப்புறதுக்கு முன்னாடியே உருவாக்கி சேவ் பண்ணி வச்சிடணும். வாங்குற பக்கமும் ஐடியைக் குறிச்சு வைக்கிறதும் உண்மையான வேலையும் ஒரே ட்ரான்சாக்ஷன்ல (ஒண்ணு முழுசா நடக்கணும், இல்லன்னா எதுவுமே நடக்கக்கூடாதுங்கிற முறைல) நடக்கணும், தனித்தனியா செஞ்சா நடுவுல கரன்ட் போனா பழைய கதைதான்.

பாதுகாப்புலயும் கேள்வி இதேதான், எந்த முனை வரைக்கும்? எச்டிடிபிஎஸ் போட்டாச்சு, அவ்வளவுதான்னு விட்டுடுறாங்க. பல இடத்துல எச்டிடிபிஎஸ்க்குப் பின்னாடி இருக்குற டிஎல்எஸ் என்க்ரிப்ஷன் (மெசேஜை மறைச்சு அனுப்புறது) லோட் பேலன்சரோட, அதாவது வர்ற வேலையை சர்வர்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற வாசல் சர்வரோட முடிஞ்சிடும், அதுக்கு உள்ள மெசேஜ் மறைக்காம பச்சையா ஓடும், லாக்ல முழுசா பதிவாகும். ஈமெயிலும் அப்படித்தான், சர்வருக்கு சர்வர் என்க்ரிப்ட் ஆகிப் போனாலும் நடுவுல இருக்குற ஒவ்வொரு சர்வரும் அதைப் பிரிச்சுப் படிக்க முடியும்.

இதைவிட எனக்கு ரொம்ப கவலை தர்றது, எதிர்பக்க சர்வர் உண்மையிலயே அவங்கதானான்னு பாக்குற சர்ட்டிபிகேட் சரிபார்ப்பை ஆஃப் பண்றது. டெஸ்டிங்ல எரர் வருதுன்னு வெரிஃபை ஈக்வல்ஸ் ஃபால்ஸ்னு ஒரு வரி போடுவாங்க, அது அப்படியே ப்ரொடக்ஷனுக்குப் போயிடும், யாருக்கும் தெரியாது, ஏன்னா எல்லாம் நல்லாவே ஓடும். என்க்ரிப்ஷனும் நடக்கும், ஆனா யார்கூட பேசுறோம்னே தெரியாம ரகசியம் பேசுறோம், நடுவுல ஒருத்தர் உக்காந்துக்கிட்டா எல்லாத்தையும் அவர்கிட்டயே குடுக்குறோம். தயவுசெஞ்சு இன்னைக்கே உங்க கோட்ல அந்த வரியைத் தேடிப் பாருங்க. டிஎல்எஸ் 1.0, 1.1 இன்னும் திறந்து வச்சிருந்தா அதையும் மூடுங்க, ரெண்டும் 2021லயே கைவிடப்பட்டாச்சு.

மெசேஜ் முக்கியமானதா இருந்தா வழியை நம்பாம மெசேஜுலயே முத்திரை போடுங்க, ஹெச்மேக் (ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசிய சாவியை வச்சுப் போடுற முத்திரை) போதும், ரெண்டு தரப்புக்கும் தகராறு வந்தா நிரூபிக்கணும்னா டிஜிட்டல் கையெழுத்து. நேரமும் ஐடியும் அந்த முத்திரைக்குள்ள வரணும், இல்லன்னா பழைய மெசேஜை ஒருத்தர் அப்படியே எடுத்து நாளைக்குத் திரும்ப அனுப்பலாம், முத்திரை சரியாத்தான் இருக்கும். இன்னொன்னு, ஜேசனை (மெசேஜ் எழுதுற ஒரு டெக்ஸ்ட் வடிவம்) பிரிச்சு திரும்பச் சேத்து ஹெச்மேக் போடாதீங்க, ஒரு ஸ்பேஸ் மாறுனாலும் ஒத்துப்போகாது, வந்த பைட்டு வந்தபடியே இருக்கும்போது சரிபாருங்க.

புது இன்டக்ரேஷன் லைவ் போறதுக்கு முன்னாடி நான் உக்காந்து பண்றது, வாங்குற ப்ராசஸை மெசேஜ் வாங்குன உடனே கொன்னு பாப்பேன், ஒரே மெசேஜை ரெண்டு தடவ அனுப்புவேன், ஒரு பைட்டை மாத்தி அனுப்புவேன், தப்பான சர்ட்டிபிகேட் காட்டுவேன்.

அந்த 43 ஆர்டர் பிரச்சினைக்கு அப்புறம் அவங்க டிஸ்க்ல எழுதி முடிச்சுட்டுதான் 200 அனுப்புறாங்க, பதில் கொஞ்சம் லேட்டா வருது, பரவால்ல. தினமும் ராத்திரி ரெண்டு பக்கத்து ஐடி லிஸ்டையும் ஒப்பிடுற ஒரு ஜாப் ஓடுது. போன வாரம் அது ஒரு ஐடி குறையுதுன்னு சொல்லுச்சு, காலைல யாரும் ஃபோன் பண்றதுக்கு முன்னாடியே திரும்ப அனுப்பிட்டோம்.