சால்டர், ஈயம், பற்றாசு

பழைய டிவியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் ஓடிப்போன படம் திரும்பி வரும். இதைச் செய்து பார்க்காத வீடு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. ஏன் வருகிறது என்று கேட்டால், சேலத்து ரிப்பேர் கடைக்காரர் செட்டின் முதுகைக் கழற்றி, போர்டைத் திருப்பி, ஒரு புள்ளியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் காட்டுவார். “டிரை சால்டருங்க. பத்த வச்சாச் சரியாப் போயிரும்.”

அந்த ஒரு வாக்கியத்தில் சால்டர் (உலோகத் துண்டுகளை இணைக்க இடையில் உருக்கி விடும் உலோகம்) என்ற வந்த சொல்லும் இருக்கிறது, பற்றவைத்தல் என்ற சொந்தச் சொல்லும் இருக்கிறது. இவற்றோடு சேர வேண்டிய மூன்றாவது சொல் ஒன்று அகராதியிலேயே தங்கிவிட்டது. அதுதான் பற்றாசு. சால்டருக்கு நேரான தமிழ் அதுவே.

முதலில் சால்டர். லத்தீனில் ‘சாலிடஸ்’ என்றால் கெட்டியானது. அதிலிருந்து கெட்டிப்படுத்துவதைக் குறிக்கும் வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் வழியில் ‘ல்’ ஒலியை உதிர்த்துவிட்டார்கள். பின்னாளில் ஆங்கிலத்தார் மூலச் சொல்லைப் பார்த்து எழுத்தில் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கர் இன்றும் அந்த ‘ல்’லை உச்சரிப்பதில்லை, ‘சாடர்’ என்பார்கள். நாம் எழுத்தைப் பார்த்தபடியே படித்து சால்டர் ஆக்கிக்கொண்டோம். ரோமப் பேரரசின் தங்கக் காசு ஒன்றுக்கும் சாலிடஸ் என்றே பெயர். அந்தக் காசின் பெயர் சம்பளத்துக்கு ஆகி, சம்பளத்துக்குப் போர் செய்தவன் சோல்ஜர் ஆனான். ஆக, பட்டாளத்துக்காரரும் சால்டர் கம்பியும் சொல் வழியில் ஒன்றுவிட்ட பங்காளிகள்.

கடையில் சால்டர் என்ற சொல்லுக்குச் சமமாகப் புழங்குவது ஈயம். “கொஞ்சம் ஈயம் வைங்க”, “ஈயம் விட்டுப்போச்சு” என்பார்கள். இது படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர்: வெள்ளீயம் (டின்), காரீயம் (லெட்). பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிவி போர்டுகளில் இருக்கும் சால்டர் இந்த இரண்டும் கலந்ததுதான். பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரீயத்துக்கு 327. இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். 60-க்கு 40 கலவையும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு உலோகமும் தனித்தனியே காட்டும் பிடிவாதம் கூட்டில் இல்லாததால்தான் ஒரு 25 வாட் சால்டரிங் அயன் (ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல்) ரேடியோ வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டையும் அடக்கிய ஈயம் என்ற சொல், இந்தக் கலவைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. ஈயம் என்பது பொருளின் பெயர், வேலையின் பெயர் அல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் தூவிப் பூசுவதும் ஈயம்தான், ரசம் வைக்கும் சொம்பும் ஈயம்தான், “ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை” என்ற பழமொழியில் வருவதும் அதேதான். இரண்டு உலோகத் துண்டுகளை இணைப்பதற்காக இடையில் உருக்கி விடும் மூன்றாவது உலோகம் என்ற கருத்துக்குத் தனிச்சொல் வேண்டும். அந்த மூன்றாவது உலோகம் எப்போதும் ஈயமாக இருக்கும் என்பதும் இல்லை.

இதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இல்லாத தெரு குறைவு. கொலுசின் ஒவ்வொரு கண்ணியும் சலங்கையும் பற்றவைத்துத்தான் சேர்கின்றன. அங்கே ஈயத்துக்கு வேலை கிடையாது. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்து அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை ஒன்றைச் செய்து, வெங்காரம் (போராக்ஸ்) தடவி, நெருப்பை ஊதி இணைப்பார்கள். தங்க நகைக் கடையில் ‘கேடிஎம்’ என்று கேட்டிருப்பீர்கள். அது தரத்தின் பெயர் போலப் புழங்கினாலும் உண்மையில் காட்மியம் சேர்த்த பற்றாசைக் குறிக்கிறது. அதன் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால் இப்போது ஒதுக்குகிறார்கள். ரேடியோ கடை, கொலுசுப் பட்டறை, நகைக்கடை மூன்றிலும் உலோகம் வேறு, சூடு வேறு, வேலை ஒன்று. அந்த வேலையைச் செய்யும் பொருளுக்குப் பெயர் பற்றாசு.

பற்று, ஆசு என்று பிரியும். பற்று என்றால் பிடிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆசு கொஞ்சம் சிக்கலான சொல். ‘ஆசற’ என்னும்போது அது குற்றம். ‘ஆசுகவி’ என்னும்போது விரைவு, அது வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். நமக்கு வேண்டியது பற்றுக்கோடு, இணைத்துப் பிடிப்பது என்ற பொருள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலும் பற்றாசு இந்தப் பொருளில் இருக்கிறது.

இந்தச் சொல்லைப் பட்டறைக்கு வெளியே பத்திரமாக வைத்திருந்தவர்கள் யாப்பிலக்கணக்காரர்கள். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் வரும். அது முன்னால் உள்ள குறட்பாவோடு, அதாவது குறள் போன்ற முன்பகுதியோடு, ஒட்டாமல் விட்டிசைத்தால், நடுவே ஓர் அசையோ இரண்டு அசையோ சேர்த்து இணைப்பார்கள். அந்தச் சேர்க்கைக்கு ஆசு என்று பெயர், அப்படி அமைந்த பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. உலோகத்தை இணைக்கும் பற்றாசு போன்றது என்பதே பெயருக்கு விளக்கம். எதுகையிலும் ஆசு உண்டு. சீவக சிந்தாமணியில் ‘காய்மாண்ட’ என்று தொடங்கும் அடிக்கு அடுத்த அடி ‘பூமாண்ட’ என்று தொடங்கும். இடையில் நிற்கும் ‘ய்’யைக் கணக்கில் விட்டுவிட்டால் எதுகை சரியாக வரும். அந்த ‘ய்’தான் ஆசு. ய, ர, ல, ழ என்ற நான்கு எழுத்துகளுக்கு இந்தச் சலுகை. பொன்வேலை செய்யும் தெருவில் புழங்கிய சொல்லைப் புலவர்கள் இரவல் வாங்கிப் போனது நமக்கு லாபம். பட்டறையில் மறந்தாலும் ஏட்டில் மிஞ்சியது.

சரி, பற்றவைத்தல் என்ற சொல் இருக்கும்போது இது எதற்கு? அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே பாரம் அதிகம். அடுப்பைப் பற்றவைக்கிறோம், பீடியைப் பற்றவைக்கிறோம், இருவருக்கு நடுவே சண்டையையும் பற்றவைக்கிறோம். போதாததற்கு வெல்டிங்குக்கும் பற்றவைப்பு என்றே பாடநூல்களில் எழுதுகிறார்கள். வெல்டிங்கில் இணைய வேண்டிய இரும்பே உருகி ஒன்றாகிறது. சால்டரிங்கில் செம்பு உருகுவதே இல்லை, இடையில் விட்டது மட்டும் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு வேறுபாட்டை ஒரே சொல்லில் மூடுவது சரியில்லை. வெல்டிங் பற்றவைப்பாகவே இருக்கட்டும். சால்டர் பற்றாசு, சால்டரிங் பற்றாசு வைத்தல், சால்டரிங் அயன் பற்றாசுக்கோல் என்று எழுதினால் குழப்பம் தீரும். தொழில்நுட்பத்தில் 450 டிகிரிக்குக் கீழே உருகினால் சால்டரிங், மேலே என்றால் பிரேசிங் என்று கோடு போடுகிறார்கள். அதற்கும் மென்பற்றாசு, வன்பற்றாசு என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் கொலுசு வேலை வன்பற்றாசு.

பற்றாசு எப்படிப் பற்றுகிறது என்பதை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏற்காட்டு எஸ்டேட் வீடு ஒன்றில் பல வருடம் அலமாரியில் கிடந்த டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால், பேட்டரி கசிந்த இடத்தில் செம்புத் தடம் பச்சையாகக் களிம்பேறி இருக்கும். மலையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் களிம்பின்மேல் எவ்வளவு ஈயம் விட்டாலும் உருண்டு திரண்டு நிற்குமே தவிர ஒட்டாது. பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரியும் வரை துடைத்து, பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) தொட்டு, அயன் நுனியால் செம்புத் தடத்தையும் உறுப்பின் காலையும் (அதன் கம்பி முனையையும்) சேர்த்துச் சூடாக்க வேண்டும். அப்புறம் கம்பியை அயனில் வைக்காமல் சூடான இணைப்பில் வைத்தால், உருகியது ஓடிப் பரவி, காலைச் சுற்றிச் சரிவாக ஏறி நிற்கும். அந்த நொடியில் வெள்ளீயமும் செம்பும் தொடும் எல்லையில் இரண்டும் கூடிய மெல்லிய சேர்மப் படலம் ஒன்று உண்டாகிறது. பசை போல மேலோடு ஒட்டுவது இல்லை இது, பற்று என்ற சொல்லுக்குத் தகுதியான பிடிப்பு. எழும்பும் புகை பிளக்ஸில் உள்ள பிசினின் புகை. காரீயம் அந்தச் சூட்டில் ஆவியாகாது. ஆனால் கையில் ஒட்டும், வேலை முடிந்து சோறு தொடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம்.

டிரை சால்டர் என்பது இந்தப் பிடிப்பு கெட்ட நிலை. பிக்சர் டியூப் டிவியில் அதிகச் சூடாகும் உறுப்புகளின் கால்கள், செட் போடும்போது விரிந்து அணைக்கும்போது சுருங்கி, வருடக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கும். கடைசியில் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கருவளையம் விழும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். தட்டும்போது தொடும், சூடானதும் விலகும். ‘உலர் பற்றாசு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே காய்ந்துபோக எதுவும் இல்லை என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. கடையில் சொல்கிற ‘விட்டுப்போச்சு’ என்பதையே எடுத்து, பற்று விட்ட இணைப்பு என்று எழுதலாம்.

இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு தொழிற்சாலைகள் மாறிக்கொண்ட கலவைகளில் பரவலானது 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு கொண்டது. உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். இதை ‘ஈயமில்லாப் பற்றாசு’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். பெரும்பகுதி வெள்ளீயமாகவே இருக்கும் ஒன்றுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? காரீயமில்லாப் பற்றாசு என்பதே சரி. பழைய செட்டைப் பழுது பார்க்கும்போது இந்தப் புதுக் கம்பியைப் பழைய ஈயத்தின் மேலேயே வைக்காமல், இருப்பதை சக்கர் என்ற உறிஞ்சு குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு வைப்பது நல்லது. பழைய வகைக் கம்பி கையில் இருந்தால், பழைய போர்டுக்கு அதுவே போதும்.