கரிமருந்து: சொல் விளக்கம்

குன்னூர் வட்டாரச் செய்திகளில் 'வெடிமருந்து' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. அருவங்காட்டில் இருப்பது வெடிமருந்துத் தொழிற்சாலை. காட்டுப்பன்றிக்காக வைத்த அவுட்டுக்காயில் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) இருந்ததும் வெடிமருந்து. கோத்தகிரிப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியோடு ஒருவர் பிடிபட்டால் அவர் பையில் இருந்ததும் வெடிமருந்து. மூன்றும் வேறு வேறு பொருள்கள். கடைசியில் சொன்னதற்கு மட்டும் சில நிருபர்கள் சரியான பெயரைப் போடுகிறார்கள்: 'கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் (சிறு இரும்பு உருண்டைகள்) பறிமுதல்'. அந்தச் சொல்லைப் பற்றியதுதான் இந்த விளக்கம்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. நூற்றுக்கு 75, 15, 10 என்பது நெடுநாளாக நிலைத்துவிட்ட விகிதம். வெடியுப்புக்குப் பொட்டிலுப்பு என்றும் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு இன்று வழங்கும் பெயர் பிளாக் பவுடர்.

'மருந்து' எப்படி இங்கே வந்தது? வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவத்தில் பழகிய சரக்குகள். ஆகவே மருத்துவர் பெட்டியில் இருந்த பொருள்களைக் கலந்து செய்ததை மருந்து என்றதில் வியப்பில்லை. சீனர்கள் இதை 'ஹுவோ யாவ்' என்கிறார்கள். நேர்ப்பொருள் நெருப்பு மருந்து. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் 'தாரு', இந்துஸ்தானியில் சாராயத்துக்கும் துப்பாக்கி மருந்துக்கும் சேர்த்தே பெயரானது. தமிழ் தனியாக விளையாடிய விளையாட்டு அல்ல இது.

'பிளாக்' என்ற அடைமொழி பிறகு ஒட்டியது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக்கு ஒரே மருந்துதான்; நிறம் சொல்லிப் பிரிக்க வேண்டிய தேவை எழவில்லை. 1884-இல் பிரெஞ்சுக்காரர் போல் வியேல் புகையில்லாத மருந்தைச் செய்தார். 1889-இல் பிரிட்டனில் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் புகையில்லாத இன்னொரு மருந்தான கார்டைட்டைக் கண்டார்கள். புதியது வந்த பிறகுதான் பழையது கறுப்பாயிற்று.

இதை அப்படியே பெயர்த்துக் 'கரும்பொடி' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலாவது, அது பொடியே அல்ல. நனைத்து, அழுத்தி, உடைத்து, சல்லடையில் சலித்து எடுத்த குறுணை. கையில் கொட்டிப் பார்த்தால் கிராஃபைட் பூச்சில் மினுங்கும் சிறு மணிகள் உருளும். குறுணை பருத்தால் எரிவது மெதுவாகும். சிறுத்தால் வேகம் கூடும். பீரங்கிக்கு ஒரு சல்லடை, கைத்துப்பாக்கிக்கு ஒரு சல்லடை என்று பிரித்தது இதனால்தான். இரண்டாவது, 'கரி' என்பது நிறத்தையும் சொல்கிறது, உள்ளே இருக்கும் சரக்கையும் சொல்கிறது. ஆங்கிலப் பெயருக்கு அந்த இரட்டைப் பொருள் இல்லை. கையில் நல்ல சொல் இருக்கும்போது மொழிபெயர்ப்பை ஏன் தேட வேண்டும்?

இனி அருவங்காடு. மலை ரயிலில் குன்னூர் தாண்டி, வெலிங்டனையும் கடந்தால் வரும் நிலையம். 1903-04 வாக்கில் இங்கே ஆலை எழுந்தது கார்டைட் செய்வதற்காக. அதன் ஆங்கிலப் பெயரிலேயே கார்டைட் இருக்கிறது. ஊரிலும் பலர் கார்டைட் பேக்டரி என்றே சொல்கிறார்கள். கயிறு என்ற பொருளுடைய 'கார்டு' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நைட்ரோகிளிசரினையும் வெடிப்பஞ்சையும் சிறிது வாசலினையும் அசிட்டோனில் பிசைந்து, துளை வழியே இழையாகப் பிழிவார்கள். காய்ந்தபின் பழுப்புச் சேமியா போல இருக்கும்.

கரிமருந்தையும் கார்டைட் போன்ற புகையில்லா மருந்தையும் ஒரே சொல்லால் அழைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகவே போகும். மீதிதான் குண்டைத் தள்ளும் வாயு. புகையில்லா மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கரிமருந்துக்கென்று செய்த குழலில் அதே அளவு புகையில்லா மருந்தைக் கொட்டினால் குழல் வெடிக்கும், பிடித்த கையும் போகும். 'மருந்து' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த வேறுபாடு காதில் விழாது.

ரிவால்வர் தோட்டாக்களின் அளவிலேயே இந்த வரலாறு பதிந்திருக்கிறது. தோட்டா என்பது மருந்தை உள்ளே அடைத்து, முனையில் குண்டைச் செருகிய உலோகக் கூடு; அதன் பெயரில் வரும் எண், ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில். பிரிட்டிஷ் படையின் .455 வெப்லி தோட்டா 1891-இல் வந்தபோது கரிமருந்துக்காக அமைந்தது. கார்டைட்டுக்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. 1897-இல் தோட்டாக் கூட்டின் நீளத்தையே குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் கோல்ட் துப்பாக்கி நிறுவனப் பெயர் தாங்கிய .45 கோல்ட் தோட்டா 1873-இல் 40 கிரெயின் கரிமருந்துக்காகப் பிறந்தது. கிரெயின் என்பது ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. ஆக மொத்தம் 2.6 கிராம். அதன் கூட்டை யாரும் குறைக்கவில்லை. இன்று புகையில்லா மருந்தோடு விற்கும் .45 கோல்ட் தோட்டாவுக்குள் பாதிக்கு மேல் வெற்றிடம் இருப்பது அதனால்தான்.

அந்த வெற்றிடத்தைப் பழைய முறையில் கரிமருந்தால் நிரப்பிச் சுடும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் நிறைய. துப்பாக்கி புதியது, மருந்து பழையது. இக்காலக் கூடுகளின் அடிப்பகுதி தடித்திருப்பதால் பழைய 40 கிரெயின் முழுவதும் உள்ளே போகாது. சில சுற்றுகளிலேயே கசடு படிந்து சுழலும் உருளை இறுகும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவிவிடுவது வழக்கம். மேகம் வீட்டுக்குள் புகும் நீலகிரியில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை அடைப்பதற்குத் தமிழில் 'கெட்டித்தல்' என்ற சொல் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியின் வாய்வழியே மருந்தைப் போட்டுக் கோலால் இடித்து இறுக்குவதைச் சொல்வது. தோட்டாவிலும் கரிமருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்றிடம் இருக்கக் கூடாது. சற்று அழுத்தியே வைப்பார்கள். ஆகவே அதற்கும் கெட்டித்தல் பொருந்தும். புகையில்லா மருந்துக்குப் பொருந்தாது. அதை அளந்து இடுகிறார்கள், அவ்வளவே.

'தோட்டா' இந்துஸ்தானி வழி வந்த சொல். தெலுங்கில் தூட்டா. 'வெடிபொதி' என்ற புதுச்சொல்லும் உண்டு. பாடநூலுக்கு ஆகலாம், பேச்சிலிருந்து தோட்டாவை அது அகற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 'நெஞ்சில் தோட்டா பாய்ந்தது' என்று எழுதுவதை விட்டுவிடலாம்: பாய்வது குண்டு மட்டும், கூடு ரிவால்வரின் உருளைக்குள்ளேயே தங்கிவிடும்.

பரிந்துரை: பிளாக் பவுடருக்குக் கரிமருந்து. ஸ்மோக்லெஸ் பவுடருக்குப் புகையில்லா மருந்து. இரண்டுக்கும் பொதுவாக உந்துமருந்து. தோட்டாவுக்குள் இரண்டும் எரிந்து குண்டை உந்துகின்றனவே தவிர, பாறை பிளக்கும் வெடிபொருள் போல் நொறுக்குவதில்லை. ரிவால்வருக்குச் சுழல் துப்பாக்கி. எழுதும்போது கரிமருந்து ஒரே சொல்; கரிமருந்துத் தோட்டா என்னும் இடத்தில் ஒற்று மிகும்.