பிளக் பொருந்தினால் மட்டும் போதாது: பழைய பாக்கெட் கணினிக்கு இணைப்பு கொடுப்போர் கவனத்துக்கு

மீண்டும் ஒரு ஷார்ப் பிசி-1350, கால்குலேட்டர் போன்ற சிறிய பாக்கெட் கணினி, பழுதுபார்க்க என் மேசைக்கு வந்திருக்கிறது. திரையில் எதுவும் தெரியவில்லை. இரண்டு சிஆர்2032 செல்களையும் மாற்றிப் பார்த்துவிட்டதாக உரிமையாளர் தாளில் எழுதி வைத்திருந்தார். மூடியைக் கழற்றுமுன் நான் கேட்ட முதல் கேள்வி, பக்கவாட்டில் இருக்கும் 15 பின் இணைப்பில் எதைச் செருகினீர்கள் என்பதுதான். மேசைக் கணினியின் பழைய சீரியல் கேபிளை வெட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நேரடியாக இணைத்ததாகச் சொன்னார். அதுவும் சீரியல், இதுவும் சீரியல், ஆகவே பேசிக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார். இதே பழுது, இதே விளக்கம், இதே வருத்தம் என்று கருவிகள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

இதில் இழப்பு எவ்வளவு பெரியது என்பதை முதலில் உணர வேண்டும். பிசி-1350 1984ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் எஸ்சி61860 செயலி ஷார்ப் நிறுவனம் தன் சொந்தக் கருவிகளுக்காகவே செய்துகொண்டது. இன்று எந்தக் கடையிலும் அது புதிதாகக் கிடைக்காது. ஒரு கருவியில் அந்தச் சிப் எரிந்தால், திரை உடைந்தோ உப்புப் பூத்தோ கைவிடப்பட்ட இன்னொரு கருவியிலிருந்துதான் பெயர்த்தெடுத்துப் பொருத்த வேண்டும். கேபிளைச் செருகிய அந்த ஒரு நொடிக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

இனி அந்தத் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். "சீரியல்" என்பது, தரவு ஒரு கம்பியில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. மேசைக் கணினியின் சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 என்ற தரத்தில் ஒரு நிலை +3 முதல் +15 வோல்ட் வரையிலும், மறு நிலை -3 முதல் -15 வோல்ட் வரையிலும் இருக்கலாம். பழைய மேசைக் கணினிகளின் ஒன்பது பின் போர்ட்டில் அது பெரும்பாலும் 12 வோல்ட்டை ஒட்டியே, இரு திசையிலும் இருக்கும். ஷார்ப் பாக்கெட் கணினிகளான பிசி-1350, பிசி-1360, பிசி-இ500 ஆகியவற்றின் 15 பின் போர்ட்டோ, செயலி வேலைசெய்யும் அதே மின்னழுத்தத்தில், அதாவது சுழியத்துக்கும் சுமார் 5 வோல்ட்டுக்கும் இடையில் மட்டுமே பேசுகிறது. அதற்கு எதிர்மறை மின்னழுத்தம் என்ற ஒன்றே கிடையாது. அப்படிப்பட்ட உள்ளீட்டில், கேபிளைச் செருகிய கணத்திலேயே -12 வோல்ட் ஏறுகிறது. நீங்கள் எந்த நிரலையும் அனுப்ப வேண்டியதில்லை; மேசைக் கணினியின் போர்ட் சும்மா இருக்கும்போது அதன் அனுப்பு கம்பி எதிர்மறையில்தான் நிற்கிறது. ஆகவே "நான் இன்னும் எதையும் அனுப்பவே இல்லையே" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். சும்மா செருகி வைத்ததே போதுமானது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதே நிறுவனம் பிசி-1500 என்ற இன்னொரு பாக்கெட் கணினிக்காகச் செய்த சிஇ-158 என்ற இணைப்புப் பெட்டி உண்மையான ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தையே தருகிறது. அதில் மேசைக் கணினியின் கேபிளைத் தயங்காமல் செருகலாம். பிசி-1500 வைத்திருந்து பழகியவர் அதே கையோடு பிசி-1350க்கு வரும்போது, நடுவில் மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் மட்ட மாற்றி ஒன்று வேண்டும் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. ஷார்ப் அதற்கென்றே சிஇ-130டி என்ற மாற்றியை விற்றது. அது கையில் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

கிடைக்காதவர்கள் யுஎஸ்பி சீரியல் அடாப்டரை நாடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அங்கே இரண்டாவது பொறி காத்திருக்கிறது. இந்த ஷார்ப் போர்ட்டுகளில் மின்னழுத்தம் மட்டும்தான் சிறியது. நிலைகளின் போக்கு ஆர்எஸ்-232ஐப் போன்றதே, அதாவது சும்மா இருக்கும்போது கம்பி தாழ்நிலையில் நிற்கும். சந்தையில் கிடைக்கும் 5 வோல்ட் யுஎஸ்பி அடாப்டர்களில் சும்மா இருக்கும் கம்பி உயர்நிலையில் நிற்கும். இரண்டையும் அப்படியே இணைத்தால் எதுவும் எரியாது, ஆனால் வருவதெல்லாம் குப்பை எழுத்தாகவே இருக்கும். உடனே பலர் மேக்ஸ்3232 சிப் உள்ள சிறு பலகையை வாங்கி ஷார்ப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். அந்தப் பலகையும் தன் 5 வோல்ட் பக்கத்தில் உயர்நிலையையே ஓய்வாகக் கருதுவதால், கூடவே ஒரு தலைகீழாக்கிச் சிப் இல்லாமல் அது பயன்படாது. எனக்குத் தெரிந்த எளிய வழி, எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சிப் உள்ள 5 வோல்ட் அடாப்டர்தான். அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் எஃப்டி_புரோக் என்ற மென்பொருளில் அனுப்பு, பெறு, மற்றும் 'பொறு', 'அனுப்பு' என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஆகிய நான்கு கம்பிகளையும் தலைகீழாக மாற்றும்படி அமைத்து, அதைச் சிப்பிலேயே எழுதிவிடலாம். எல்லா மலிவு அடாப்டரிலும் இந்த வசதி இருக்காது. மேலே எஃப்டி232ஆர் என்று அச்சிட்டுவிட்டு உள்ளே வேறு சிப்பை வைத்து விற்பவர்களும் உண்டு. எழுதி முடித்தபின், கணினியோடு சேர்ப்பதற்கு முன், மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரின் அனுப்பு கம்பிக்கும் தரைக்கும் (கிரவுண்ட்) இடையில் அளந்து பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருந்தால் சரி. 5 வோல்ட் காட்டினால் மாற்றம் பதியவில்லை. எதிர்மறையில் எந்த எண் காட்டினாலும் அந்தக் கேபிளை அந்த மேசையிலிருந்தே அகற்றிவிடுங்கள்.

இணைப்பு சரியானபின் வேகத்தைப் பற்றி ஒரு சொல். பிசி-1350 நொடிக்கு 1200 பிட்டைத் தாண்டாது. பிசி-இ500 9600 வரை போகும். ஆனால் நிரல் வரி ஒவ்வொன்றையும் வாங்கி, சுருக்கி, நினைவகத்தில் இடம்பெறச் செய்ய அந்தச் சிறு செயலிக்கு அவகாசம் வேண்டும். ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளை இணைக்காமல் விட்டுவிட்டு, பாதி வரிகள் காணாமல் போகின்றன, கருவி பழுது என்று அனுப்பி வைக்கிறார்கள். கருவியில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. அந்தக் கம்பிகளை இணையுங்கள், அல்லது ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சிறிது இடைவெளி விட்டு அனுப்புமாறு உங்கள் மென்பொருளை அமையுங்கள்.

பிசி-1350 போன்றவற்றில் பிரிண்டரும் கேசட்டும் சேரும் 11 பின் இணைப்பில் வேறொரு ஆபத்து இருக்கிறது. சாதாரண 2.54 மில்லிமீட்டர் பின் வரிசை அதில் பொருந்திவிடுவதால் எல்லோரும் சொந்தமாகக் கேபிள் செய்துவிடுகிறார்கள். அந்தப் பின் வரிசையைத் தலைகீழாகச் செருகுவதை எதுவும் தடுப்பதில்லை. ஒரு பின் தள்ளிச் செருகுவதையும் தடுப்பதில்லை. இரண்டாம் பின் மின்சாரம், மூன்றாம் பின் தரை. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது ஒரு பின் தள்ளினால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கேபிளின் மேற்பக்கத்தில் அழியாத மையால் ஓர் அடையாளம் இடுங்கள். கணினியையும் துணைக்கருவியையும் அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், அணைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். பிசி-1500இன் பக்கவாட்டில் இருக்கும் 60 பின் இணைப்பில் இந்த விதி இன்னும் கடுமையானது, ஏனென்றால் செயலியின் முகவரித் தடங்களும் தரவுத் தடங்களும் நடுவில் எந்தக் காப்பும் இன்றி அங்கே வெளியே வருகின்றன.

அச்சுக்கு வருவோம். சிஇ-126பி என்ற பிரிண்டர் எளிய கருவி. வரிக்கு 24 எழுத்து, வெப்பத்தால் கருக்கும் தாள், நான்கு ஏஏ செல். ரசீதுத் தாள் அகலத்தில் பொருந்தும், ஆனால் கடையில் வாங்கும் உருளை அதன் குழிக்குள் அடங்காது என்பதால் மெல்லியதாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் செல்களை எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டுவைத்துக் கசிந்த செல்லால் பச்சை படிந்த தகடுகளைச் சுரண்டுவது எனக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

பிசி-1500க்கான சிஇ-150 அப்படி எளியதல்ல. நான்கு வண்ணப் பேனாக்களால் வரையும் இந்த அழகிய பிளாட்டருக்குள் நிக்கல் காட்மியம் பாட்டரி நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அது கசியாமல் இருப்பது அரிது. கசிவில் இருப்பது காரம். அது செப்புத் தடத்தைத் தின்றுகொண்டே போகும். ஆகவே புதிதாக ஒரு சிஇ-150 கைக்கு வந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் திறந்து பார்க்க வேண்டும். கசிந்திருந்தால் நீர்த்த வினிகரால் துடைத்து, பின் காய்ச்சி வடித்த நீராலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பாட்டரியை எடுத்துவிட்டு, அடாப்டரை மட்டும் கொடுத்து ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். அந்த அடாப்டர் பாட்டரியை ஏற்றுவதற்காக வைக்கப்பட்டது; மோட்டார் திடீரென்று இழுக்கும் மின்னோட்டத்தைப் பாட்டரிதான் தருகிறது, மின்னழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். அதே எண்ணிக்கையில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் பொருத்துங்கள். லித்தியம் செல்லை ஒருபோதும் பொருத்தாதீர்கள். அதை ஏற்றும் முறையே வேறு.

அடாப்டரைப் பற்றிச் சொல்லும்போது என்னால் கடுமையாகத்தான் பேச முடிகிறது. இக்காலத்து அடாப்டர்களில் பிளக்கின் நடு முனை பெரும்பாலும் நேர்மின். ஷார்ப்பின் அக்காலத்து அடாப்டர்களில் நடு முனை எதிர்மின். இணைய இணைப்புப் பெட்டியின் அடாப்டர் அளவில் கச்சிதமாகப் பொருந்திவிடும். அதைச் செருகிய கருவிகளின் பலகைகளை நான் தனியாக ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். கருவியின் பின்புறத்தில் துருவ அடையாளம் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

பிளாட்டர் எழுத்துகள் சாய்ந்தோ, வட்டங்கள் மூடாமலோ வந்தால், அது இணைப்புக் கோளாறு அல்ல. மோட்டார் அச்சில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பற்சக்கரம் வெடித்திருக்கும். ஆல்ப்ஸ் நிறுவனத்தின் இவ்வகைப் பொறியமைப்பு உள்ள காமடோர் 1520 போன்ற பிளாட்டர்களிலும் இதே நோய்தான். பற்சக்கரத்தை மாற்றுங்கள், சிப்புகளைத் தொடாதீர்கள்.

சேமிப்பில் இன்று பலரும் டேப் ரெக்கார்டருக்குப் பதில் கைபேசியையோ மடிக்கணினியையோ வைக்கிறார்கள். நல்ல வழிதான். பிசி-1350 வகையில் ஒன்றுக்கும் சுழியத்துக்கும் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ், 2 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள்; பிசி-1500இல் சுமார் 2.5 கிலோஹெர்ட்ஸும் 1.27 கிலோஹெர்ட்ஸும். கைபேசியின் குரல் பதிவு ஆப் இவற்றை இரைச்சல் என்று கருதி மழுக்கிவிடும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு ஆகிய எல்லாவற்றையும் அணைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ரெம் என்று எழுதிய சிறிய 2.5 மில்லிமீட்டர் பிளக் ரெக்கார்டரின் மோட்டாரை நிறுத்தி ஓட்டும் சுவிட்ச் மட்டுமே, அதை ஒலி ஜாக்குகளில் செருகக் கூடாது. இன்னொன்று, இரண்டு பின் சார்ஜரில் ஏறிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் கூச்சம் தெரியும் அல்லவா? அந்தக் கசிவு மின்னழுத்தம் ஒலிக் கேபிள் வழியாகப் பாக்கெட் கணினிக்கும் போகிறது. இணைக்கும்போதும் பதியும்போதும் சார்ஜரை உருவிவிடுங்கள்.

பதிந்ததும், பதிவிலிருந்து நிரலை ஏற்றும் சிலோடு (CLOAD) என்ற கட்டளையோடு கேள்விக்குறி சேர்த்துக் கொடுத்து, பதிவும் நினைவகமும் ஒத்துப்போகின்றனவா என்று அவசியம் சரிபாருங்கள். சரிபார்க்காத பதிவை நம்பி செல்களைக் கழற்றிய மறுகணம், நினைவகத்தில் இருந்த நிரல் போய்விடும்.

பழைய கேசட்டுகள் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த நாடாவைப் பாக்கெட் கணினியில் ஏற்ற முயன்று மீண்டும் மீண்டும் ஓட்டாதீர்கள். தலைப்பகுதி சுத்தமான ஒரு நல்ல டெக்கில் ஒரே முறை ஓட்டி, முழுவதையும் வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். பாக்கெட்டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள வேவ்2பின் அந்த ஒலியிலிருந்து நிரலை நேரடியாகவே மீட்டுத் தரும். அதே தொகுப்பின் பின்2வேவ் அதைத் திரும்பவும் ஒலியாக்கித் தரும். பிசி-1251 பாக்கெட் கணினிக்கான சிஇ-125 என்ற துணைக்கருவிக்குள் இருக்கும் மைக்ரோ கேசட் ஓட்டியில் பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருக்கலாம் என்பதால், பெல்ட்டைப் பார்க்காமல் அதற்குள் உங்கள் ஒரே நாடாவைப் போட வேண்டாம்.